முழங்கால் நோவும் சைக்கிள் ஆசனமும்

எமது மக்களின் வாழ்வில் சைக்கிள் வெறும் வாகனமல்ல. 1990 இல் எரிபொருள் தடை வந்தபோது விறகும் நெல்லும் அதிலேயே வந்தன. நோயாளரும் அதிலேயே வைத்தியசாலைக்குப் போயினர். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் வெளியேறியபோது, கொண்டுசெல்லக் கூடியதை அதன் கரியரிலேயே கட்டினர். 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களிலும் அதுவே கைகொடுத்தது. குடியிருப்பு ஓரிடம், வயல் வேறிடம் என்று வாழும் குடும்பங்களுக்கு இன்றும் சைக்கிளே கால்.

அண்மையில் நாம் சந்தித்த குடும்பத் தலைவர் ஒருவர் குத்தகைக் காணியைக் கைவிடும் எண்ணத்தில் இருந்தார். "முழங்கால் கேக்குதில்லை, சுவாமி. வயசு போட்டுது" என்றார். வயல் பத்துக் கிலோமீற்றர் தொலைவில். அவருடைய சைக்கிளைப் பார்த்தோம். ஆசனம் அடிமட்டத்தில் இருந்தது. பாடசாலை செல்லும் மகளும் அதே சைக்கிளை ஓடுவதால் அவளுக்கு ஏற்றபடி இறக்கியிருந்தார்கள். உயரமான தகப்பன் முழங்கால்கள் நெஞ்சை நோக்கி எழும்ப மிதித்துக்கொண்டிருந்தார்.

பத்துக் கிலோமீற்றர் ஓடும்போது ஒவ்வொரு முழங்காலும் ஏறத்தாழ 1800 தடவை மடங்கி நிமிர்கிறது. ஆசனம் பதிவாக இருந்தால் கால் அளவுக்கு மிஞ்சி மடங்கிய நிலையிலேயே பலத்தைக் கொடுக்க வேண்டும். அப்போது முழங்காற் சிரட்டை அடியிலுள்ள எலும்போடு இறுக அழுத்தப்படுகிறது. முழங்காலின் முன்பக்க நோவுக்கு இது முக்கிய காரணம். மாறாக, பின்பக்கம் நொந்தால் ஆசனம் அளவுக்கு மேல் உயர்ந்திருக்கலாம்.

சரியான உயரத்தை வீட்டிலேயே அறியலாம். ஒருவர் சைக்கிளைப் பிடிக்க, நீங்கள் ஆசனத்தில் நேராக அமருங்கள். ஒரு பெடலை முற்றாகக் கீழே இறக்கி, அதன்மேல் குதிக்காலை வையுங்கள். இடுப்புச் சரியாமல் கால் நேராக நீள வேண்டும். பின்னர் வழக்கம்போல் பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். அதுவே உங்கள் அளவு.

அடுத்து, பெடல்கள் இரண்டையும் கிடையாக நிறுத்தி, முன்னேயுள்ள காலின் சிரட்டைக்குக் கீழிருந்து கல் கட்டிய நூலொன்றைத் தொங்கவிடுங்கள். நூல் பெடல் அச்சுக்கு நேரே விழுந்தால் நல்லது. அதற்கு முன்னே விழுந்தால் ஆசனத்தைச் சிறிது பின்தள்ளுங்கள்.

ஆசனத்தை ஒரே நாளில் உயர்த்த வேண்டாம். அரை அங்குலம் உயர்த்தி, சில நாள் ஓடிப் பழகியபின் மேலும் அரை அங்குலம் உயர்த்துங்கள். ஆசனக் குழாயில் இரண்டரை அங்குலமாவது உள்ளே இருக்க வேண்டும். இல்லாவிடில் அது முறிந்து விழுத்திவிடும். துருப்பிடித்து இறுகியிருந்தால் எண்ணெய் விட்டு ஓரிரவு வையுங்கள்.

"நிற்கும்போது கால் நிலத்தில் படாதே" என்று பலர் அஞ்சுகின்றனர். ஆசனத்தை விட்டு முன்னே இறங்கி ஒரு காலை ஊன்றப் பழகினால் போதும். ஆனால் நெல் மூட்டையோ விறகோ ஏற்றிய சைக்கிள் சரியக்கூடும். அதை உருட்டிக்கொண்டு நடப்பதே நல்லது. முழங்காலுக்கும் அது ஆறுதல்.

ஒரே சைக்கிளைப் பலர் ஓடும் வீட்டில், ஆசனக் குழாயில் ஆளுக்கொரு நிறத்தில் கோடு போடுங்கள். ஸ்பனர் ஒன்றைச் சைக்கிளிலேயே கட்டி வையுங்கள். மிதிப்பது இன்னும் பாரமாக இருந்தால், பின்சில்லில் 18 பல்லுக்குப் பதிலாக 22 பல் சக்கரம் போடலாம். வேகம் ஐந்திலொரு பங்களவு குறையும். முழங்காலின் பாரமும் குறையும். ரயருக்குப் போதிய காற்றும் செயினுக்கு எண்ணெயும் இருக்கட்டும்.

முழங்கால் வீங்கினால், சூடேறிச் சிவந்தால், மடக்கிய கால் நிமிராமல் பூட்டிக்கொண்டால், அல்லது ஓய்வெடுத்தும் நோ மாறாவிட்டால் வைத்தியரிடம் போக வேண்டும். எல்லா நோவும் ஆசனத்தால் வருவதில்லை.

நாம் சொன்ன குடும்பத் தலைவர் நான்கு முறையாக ஆசனத்தை இரண்டு அங்குலம் உயர்த்தினார். நோ முற்றாக மாறவில்லை, ஆனால் தாங்கக்கூடியதாயிற்று. அந்தக் காலபோகத்துக்கு அவர் வயலை விதைத்தார். ஆசனக் குழாயில் இப்போது இரண்டு கோடுகள் உள்ளன: சிவப்புத் தகப்பனுக்கு, பச்சை மகளுக்கு.

எம் மக்கள் இறக்கி வைக்க முடியாத சுமைகள் பல. ஒரு ஸ்பனரால் இறக்கக்கூடிய சுமையையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதில்லை. இன்று மாலை உங்கள் சைக்கிளையும், அயலில் நொண்டி நடப்பவரின் சைக்கிளையும் ஒருமுறை பாருங்கள்.