காலையில் பில்லிங் திறக்கலையா? சர்வரில் இருக்கும் அந்தச் சின்ன ஃபைலைப் பாருங்க!

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு ஹார்டுவேர் கடை. அறந்தாங்கியிலும் ஆலங்குடியிலும் கிளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டாலி கணக்கு மொத்தமும் புதுக்கோட்டையில் உள்ள ஒரே சர்வரில். மூன்று ஊர் ஊழியர்களும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதற்குள் நுழைந்துதான் பில் போடுகிறார்கள். இதுதான் டெர்மினல் சர்வர். 2009-ல் வெளியான விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 முதல் இதன் பெயர் ‘ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்’. ஆனா, சர்வீஸ் பண்றவங்க வாயில் இன்னமும் பழைய பெயர்தான்.

லாகான் ஸ்க்ரிப்ட்னா என்ன?

ஊழியர் பாஸ்வேர்டு போட்டு உள்ளே வந்ததும் தானாக ஓடும் கட்டளைகள் அடங்கிய சின்ன ஃபைல். ‘கணக்கு ஃபோல்டரை இசட் டிரைவாகக் காட்டு’, ‘அறந்தாங்கி ஊழியருக்கு அறந்தாங்கி பிரின்டரைக் கொடு’ என்று தினமும் கையால் செய்ய வேண்டியதை இதுவே செய்துவிடும்.

சிக்கல் எங்கே?

தனிக் கம்ப்யூட்டரில் ஸ்க்ரிப்ட் சொதப்பினால் ஒருவருக்குத்தான் தொல்லை. இங்கே எல்லாரும் ஒரே சர்வரில். காலை 9.30-க்கு 20 பேர் நுழைந்தால், அதே ஸ்க்ரிப்ட் 20 முறை ஓடும். ஆபீஸ் கம்ப்யூட்டருக்காக எழுதிய கனமான வேலைகள் அதில் இருந்தால் மூன்று கடையும் சேர்ந்து தவிக்கும். இதற்குத்தான் குரூப் பாலிசியில் ‘லூப்பேக் பிராசசிங்’ வசதி. யார் நுழைந்தாலும், இந்த சர்வருக்கென்று வைத்த அமைப்பு மட்டும் ஓடும்படி செய்யலாம்.

இசட் டிரைவ் தாமதமா வருதா?

சர்வர் பழுதுன்னு பயப்பட வேண்டாம். விண்டோஸ் 8.1, சர்வர் 2012 ஆர்2 காலத்திலிருந்து, குரூப் பாலிசி வழியாக வரும் லாகான் ஸ்க்ரிப்ட் 5 நிமிடம் காத்திருந்து ஓடும்படி ஒரு அமைப்பு உண்டு. ‘கான்ஃபிகர் லாகான் ஸ்க்ரிப்ட் டிலே’ என்பதை ‘டிசேபிள்’ செய்தால் உடனே ஓடும்.

பாஸ்வேர்டை எழுதாதீங்க!

ஸ்க்ரிப்ட் அந்தந்த ஊழியரின் பெயரில்தான் ஓடுகிறது. ஓட வேண்டுமென்றால், அவரால் அதைப் படிக்கவும் முடிய வேண்டும். அதாவது, அதில் அட்மின் பாஸ்வேர்டு இருந்தால் நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும் நோட்பேடில் திறந்து பார்த்துவிடலாம். குரூப் பாலிசியில் ஒளித்து வைத்த பாஸ்வேர்டுகளையும் எளிதில் எடுக்க முடிந்ததால், 2014 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அந்த வசதியையே நிறுத்தியது. ஆனால், அந்த அப்டேட் ஏற்கெனவே சேமித்தவற்றை அழிக்கவில்லை. நாமேதான் தேடி நீக்க வேண்டும்.

இப்போ ஏன் இந்தப் பேச்சு?

பழைய லாகான் ஸ்க்ரிப்டுகள் பல வி.பி.ஸ்க்ரிப்ட்டில் எழுதப்பட்டவை. அதைப் படிப்படியாகக் கைவிடுவதாக 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது. அதே மாதம் 10-ம் தேதி சர்வர் 2012 ஆர்2-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. சர்வரை மாற்றும்போது பழைய ஃபைலை அப்படியே காப்பி பண்ணினால், இன்று இல்லாவிட்டாலும் ஒருநாள் இசட் டிரைவ் வராது.

எழுதிக் கொடுத்தவர் எப்போதோ வேலை மாறிப் போயிருப்பார். அதனால் அடுத்தமுறை சர்வீஸ்காரர் வரும்போது மூன்று கேள்வி கேளுங்க: ஸ்க்ரிப்ட் எங்கே இருக்கு? அதில் பாஸ்வேர்டு இருக்கா? ‘.விபிஎஸ்’ ஃபைலா இருந்தா எப்போ பவர்ஷெல்லுக்கு மாத்துவீங்க? மாற்றியதை முதலில் ஒரே ஒரு ஊழியருக்குக் கொடுத்துப் பாருங்க. அதுவும் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வேண்டாம்!