கொள்முதல் பயணத்தில் தங்குவது எங்கே?

தீபாவளிக் கொள்முதலுக்குச் சூரத் செல்லும் நம் ஜவுளி வணிகர்கள், முன்பெல்லாம் நவஜீவன் எக்ஸ்பிரஸை விட்டு இறங்கியதும் ஸ்டேஷன் அருகே ஒரு லாட்ஜில் பெட்டியை வைத்துவிட்டு ரிங் ரோடு மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். இன்றோ செல்போனிலேயே ஒரு முழு வீட்டை நாள் வாடகைக்குப் பிடிக்க முடிகிறது. "நான்கு பேர் போகிறோம், லாட்ஜா, வீடா?" என்று உறுப்பினர்கள் கேட்கிறார்கள்.

ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். இருவர் தங்கும் அறை 2,000 ரூபாய் என்றால், நால்வருக்கு இரண்டு அறை, 5 சதவீத ஜி.எஸ்.டி.யுடன் 4,200 ரூபாய். மூன்று இரவுக்கு 12,600. வீடு எல்லாம் சேர்த்து நாளைக்கு 3,500 என்றால் 10,500. மிச்சம் 2,100. ஆனால் வீடு மார்க்கெட்டிலிருந்து தள்ளியிருந்து, ஆட்டோவுக்குத் தினமும் 500 போனால் மிஞ்சுவது 600. ஆளுக்கு 150 ரூபாய்தான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை!

ஓட்டலில் கட்டிய வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு. தங்குமிடம் உள்ள மாநிலத்திலேயே வரி சேரும். குஜராத் ஓட்டல் போடும் வரியை, தமிழ்நாட்டில் மட்டும் பதிவு பெற்றவர் உள்ளீட்டு வரியாக எடுக்க இயலாது. 22-9-2025 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். இதையும் செலவாகவே கொள்ள வேண்டும்.

எங்கள் அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். ஒருமுறை வெளியூரில் வீடு பிடித்து முன்பணமும் அனுப்பினோம். போய்ச் சேர்ந்தபோது இரவு 11 மணி. சாவிக்காரர் போனை எடுக்கவில்லை. குடியிருப்போர் சங்கத்தின் அனுமதி இல்லை என்று வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. நள்ளிரவுக்கு மேல் லாட்ஜ் தேடி அலைந்து, மறுநாள் கொள்முதலில் அரை நாளை இழந்தோம். முன்பணத்துக்கு ரசீது இல்லாததால் ஆடிட்டரும் அதைச் செலவில் சேர்க்க மறுத்துவிட்டார்.

இதற்காக வீடே வேண்டாம் என்று சொல்லவில்லை. குடும்பத்தோடு ஒரு வாரம் தங்குவோருக்கும், பத்தியச் சாப்பாட்டுக்காரர்களுக்கும் அடுப்படியுள்ள வீடே வசதி. ஆனால் பணம் அனுப்புமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள்: சாவி யாரிடம், எத்தனை மணி வரை கிடைக்கும்? குடியிருப்போர் சங்கம் அனுமதித்துள்ளதா? மார்க்கெட் எவ்வளவு தூரம்? ரசீது உண்டா? நான்குக்கும் தெளிவான பதில் வந்தால் வீடு பிடிக்கலாம்.

ஒருவர் இருவராக, இரண்டொரு நாள் கொள்முதலுக்குப் போகிறவர்களுக்கு மார்க்கெட்டை ஒட்டிய லாட்ஜே லாபம். வணிகனுக்கு வாடகையைவிட நேரம் விலை அதிகம்.