ஊசி போட்ட பின் தட்டில் மீந்த இட்லி

எங்கள் குழந்தைகள் நீரிழிவுப் பிரிவுக்கு வரும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "நான்கு இட்லிக்குக் கணக்கிட்டு ஊசி போட்டுவிட்டோம்; பிள்ளை இரண்டோடு எழுந்துவிட்டாள். இப்போது என்ன செய்வது?"

அந்தக் கேள்வியிலுள்ள அச்சம் நியாயமானதே. முதல் வகை நீரிழிவில் கணையம் இன்சுலின் சுரப்பது ஏறத்தாழ நின்றுவிடுகிறது. மற்றக் குழந்தைகளின் உடல், உண்ட அளவுக்கு ஏற்பச் சுரந்துகொள்ளும். நாமோ உண்ணப்போவதை ஊகித்து முன்னதாகவே கொடுக்கிறோம். கொடுத்த மருந்தைத் திரும்ப எடுக்க வழியில்லை.

பின் ஏன் முன்னதாகக் கொடுக்க வேண்டும்? விரைவாகச் செயற்படும் இன்சுலின்கூட வேலையைத் தொடங்க ஏறத்தாழ 15 நிமிடங்கள் ஆகும். ஆவியில் வெந்த இட்லியோ விரைந்து சர்க்கரையாகிறது. ஆகவேதான் உணவுக்கு 15 நிமிடங்களுக்கு முன்பு ஊசி என்கிறோம். பழைய ரெகுலர் வகை இன்சுலினுக்கு அரைமணி நேரம். நெய் மிகுந்த பொங்கலின் போக்கு வேறு. கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால் சர்க்கரை நேரங்கழித்து ஏறும்.

ஊசிக்கு முன் பரிசோதனை அவசியம். அதற்கு முன் பிள்ளையின் கையைச் சோப்பிட்டுக் கழுவி, நன்கு துடையுங்கள். விரலில் ஒட்டிய மாம்பழச் சாறு, இரத்தத்தில் இல்லாத சர்க்கரையைக் கருவியில் காட்டிவிடும். அளவு 70 மி.கி.க்குக் கீழிருந்தால் முதலில் அதைச் சரிசெய்த பிறகே உணவும் ஊசியும்.

இனி, மீந்த இரண்டு இட்லிக்கு வருவோம். இட்லி ஒன்றில் 10 கிராம் மாவுச்சத்து என்று கொண்டால், குறைந்தது 20 கிராம். அதை இட்லியாகவே உண்ண வேண்டும் என்பதில்லை. 200 மில்லி பாலில் ஏறத்தாழ 10 கிராம் உண்டு. இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை சேர்த்தால் கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும். பிள்ளை விரும்பினால் ஒரு வாழைப்பழமும் ஆகும். தட்டுடன் பின்னால் ஓடுவதும் அதட்டுவதும் வேண்டா. சாப்பாட்டு நேரம் போர்க்களமானால் அடுத்த வேளை இன்னும் கடினமாகும். ஒரு மணி நேரத்துக்குள் மீண்டும் அளவு பாருங்கள்.

இது நாள்தோறும் நிகழ்ந்தால் எங்களிடம் சொல்லுங்கள். எவ்வளவு உண்பார்கள் என்று ஊகிக்கவே இயலாத சிறு குழந்தைகளுக்கு, மருந்தில் ஒரு பகுதியை உணவுக்கு முன்பும் மீதியை உண்ட அளவு பார்த்துப் பின்பும் கொடுக்கும் முறை உண்டு. அதனை நீங்களாகத் தொடங்காதீர்கள். உங்கள் இன்சுலின் வகையைப் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.

எச்சரிக்கையாக இருந்தும் சர்க்கரை தாழ்வதுண்டு. வியர்வை, நடுக்கம், காரணமற்ற அழுகை அதன் அறிகுறிகள். உடனே குளுக்கோஸ் கரைத்துக் கொடுங்கள்: கிலோ எடைக்கு 0.3 கிராம், அதாவது 20 கிலோ பிள்ளைக்கு 6 கிராம். 15 நிமிடங்களில் மறுபடி பாருங்கள். இன்னும் 70க்குக் கீழிருந்தால் அதே அளவை மீண்டும் கொடுங்கள். சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். நினைவிழந்த பிள்ளைக்கு வாய்வழி எதுவும் புகட்டாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடனே 108ஐ அழையுங்கள்.

இதற்கு அஞ்சிச் சிலர் ஊசியையே நிறுத்திவிடுகிறார்கள். அது பெரும் ஆபத்து. பிள்ளை ஒன்றுமே உண்ணாத நாளிலும் நீண்ட நேரம் செயற்படும் இன்சுலினை நிறுத்தலாகாது; வாந்தியும் இருந்தால் காத்திராமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

அடுத்த முறை வரும்போது குறிப்பேட்டில் பரிமாறியதை மட்டுமன்றி, தட்டில் மீந்ததையும் எழுதி வாருங்கள். யாரும் பார்க்காதபோது பாட்டி ஊட்டிய இரண்டு வாய்ச் சோற்றையும்தான்.