சர்வருக்கும் காலாவதி தேதி உண்டு

திருவண்ணாமலை என்றால் வெளியூர்க்காரர்கள் கார்த்திகை தீபத்தை நினைப்பார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் சொன்னால் புரட்டாசிச் சனிக்கிழமை கூட்டம் அலைமோதும் சீனிவாசப் பெருமாள் மலைதான் நினைவுக்கு வரும். பெயர் ஒன்று, ஊர் வேறு. லினக்ஸ் இயங்குதளத்தின் கதையும் இதுதான். டெபியன், உபுண்டு, ஆல்மாலினக்ஸ், ராக்கி, மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் எல்லாமே லினக்ஸ்தான். ஆனால் நடத்துகிறவர்கள் வேறு, பராமரிப்பதாகச் சொல்லும் ஆண்டுக் கணக்கும் வேறு. நூற்பாலை, சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி நிறுவனம், பள்ளி, மருத்துவமனை என எங்கே சர்வர் போட்டாலும் முதலில் எழும் கேள்வி, "இது ஃப்ரீதானே?" என்பது. பால்கோவா டப்பாவைத் திருப்பித் தேதி பார்த்து வாங்கும் ஊரில், சர்வருக்கு மட்டும் அந்தத் தேதியை யாரும் கேட்பதில்லை. ஓப்பன் சோர்ஸ் இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விலைக்கும் வேகத்துக்கும் முன்னால் கேட்க வேண்டியது அந்தத் தேதியைத்தான்.

சென்ட்ஓஎஸ் பட்ட பாடு இதற்குச் சாட்சி. ரெட்ஹேட் நிறுவனத்தின் கட்டண லினக்ஸுக்கு இணையான இலவசப் பதிப்பு என்பதால் உலகம் முழுக்க சர்வர்களில் அதை நம்பிப் போட்டார்கள். 2019 செப்டம்பரில் வந்த சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்பது ஏற்பாடு. 2020 டிசம்பர் 8 அன்று, 2021 டிசம்பர் 31-உடன் அது முடிகிறது என்று அறிவித்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், பழைய சென்ட்ஓஎஸ் 7 அதற்குப் பிறகும் இரண்டரை ஆண்டு, 2024 ஜூன் 30 வரை நீடித்தது. புதியதை நாடிப் போனவர்கள்தான் முதலில் நடுத்தெருவில் நின்றார்கள். அந்தத் தேதிக்குப் பிறகு சென்ட்ஓஎஸ் 7 சர்வரில் அப்டேட் கட்டளை கொடுத்தால், கறுப்புத் திரையில் முகவரியே கிடைக்கவில்லை என்று ஒரு வரி வரும். மற்றபடி எல்லாம் ஓடும். சம்பளப் பட்டியல் அச்சாகும், பில் வரும். அபாயமே அதில்தான் இருக்கிறது. பழுதான மோட்டார் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். காலாவதியான சர்வர் வாயைத் திறக்காது.

"நம்ம சின்ன மில்லுக்குள்ள எவன் வரப்போறான்?" என்பார்கள். யாரும் ராஜபாளையத்தைக் குறிவைத்து வர வேண்டியதில்லை. திருத்தப்படாத ஓட்டை எங்கே இருக்கிறது என்று இணைய முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்ப்பவை தானியங்கி நிரல்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் பரவியபோது, அது பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டைக்கான திருத்தம் வெளியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதைப் போடாத கணினிகள்தான் பெருமளவில் மாட்டின. சட்டமும் சிறியவர் பெரியவர் பார்த்து விட்டுவிடுவதில்லை. கணினி அவசர அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, அது பட்டியலிட்டுள்ள வகைத் தாக்குதல்களை நிறுவனங்கள் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். 2023-இன் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இலவசம் என்றால் பொறுப்பேற்க ஆள் இல்லையே என்ற ஆட்சேபம் நியாயமானது. லினக்ஸ் வெளியாகும் ஜிபிஎல் உரிமத்திலேயே உத்தரவாதம் கிடையாது என்று எழுதியிருக்கிறது. ஆனால் காசு கொடுத்தால் மட்டும் என்ன கிடைக்கிறது? 2025 ஜூலையில் ஐரோப்பியத் தடையைக் காரணம் காட்டி, இந்திய எண்ணெய் சுத்திகரிப்பு நிறுவனமான நயாரா எனர்ஜிக்கான சேவைகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகே சேவை திரும்பியது. சென்ட்ஓஎஸ் கைவிடப்பட்டபோதோ மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருந்ததால், 2021-லேயே அதற்கு மாற்றாக ஆல்மாலினக்ஸும் ராக்கியும் வந்துவிட்டன. ஓப்பன் சோர்ஸ் தரும் பெரிய உரிமை இப்படி வேறிடம் போகும் உரிமைதான். "திறந்திருந்தால் திருடனும் பார்ப்பானே?" என்றால், பார்ப்பான்தான். 2024 மார்ச்சில் லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற நிரல்தொகுப்பில் யாரோ கள்ளக்கதவு வைத்திருந்தது தெரியவந்தது. உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துக் கிண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர். அவர் வேலை பார்த்தது மைக்ரோசாஃப்ட்டில்! நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் தோண்ட முடிந்தது. சோதனைப் பதிப்புகளில் அது புகுந்தாலும் டெபியனின் நிலையான பதிப்பைத் தொடவில்லை. சர்வருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் புதுப் பதிப்புகள் வேண்டாம் என்பது இதனால்தான். கணக்கு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும் என்ற ஆட்சேபமும் வரும்; அது அங்கேயே இருக்கட்டும். கோப்பு, பேக்கப், இணையதளம் ஆகியவற்றை லினக்ஸுக்கு மாற்ற அது தடையில்லை. அந்த மென்பொருளுக்காகத் திருட்டு விண்டோஸ் போட்டால் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை காத்திருக்கிறது.

இன்றைய கணக்குக்கு, டெபியன் 12-க்கு நீட்டித்த ஆதரவு 2028 ஜூன் வரை, உபுண்டு 24.04-க்கு 2029 வரை, ஆல்மாலினக்ஸ் 9-க்கு 2032 மே வரை. அதிக ஆண்டு வருவதைத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. கூப்பிட்டால் ராஜபாளையத்துக்கு வந்து நிற்கும் ஆளுக்கு எது கைவந்ததோ அதுவே நல்லது. அந்த ஆளிடம் கேட்டு வாங்க வேண்டியவற்றை எழுத்தில் வாங்க வேண்டும்: பதிப்பின் பெயர், அது முடியும் தேதி, மாதம் ஒருமுறை அப்டேட், பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பையாவது திரும்ப எடுத்துக் காட்டுவது, சர்வரின் முழு அதிகாரம் தரும் ரூட் பாஸ்வேர்டை உறையிலிட்டு முதலாளி கையில் கொடுப்பது. பாஸ்வேர்ட் சர்வீஸ்காரரிடம் மட்டும் இருந்தால், வேறிடம் போகும் உரிமை ஏட்டில்தான் இருக்கும். எழுதிக் கையெழுத்திட்ட தாள் இருந்தால் ஒப்பந்த மீறல் வழக்குக்கு அது ஆதாரம்.  இணைய மோசடியில் பணம் பறிபோனால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்கலாம். ஏற்கெனவே ஓடும் சர்வர் என்றால், ஓஎஸ்-ரிலீஸ் என்ற சின்னக் கோப்பைத் திறந்து காட்டச் சொன்னால் போதும். சில வரிகளில் பெயரும் பதிப்பு எண்ணும் வந்துவிடும். அதில் சென்ட்ஓஎஸ் என்று இருந்தால், பேக்கப் எடுக்கும் வேலையை இன்று சாயங்காலமே தொடங்கலாம்.