கியர் பொக்ஸின் உயிர் ரேடியேட்டரில் இருக்கிறது



கண்டி, அக்குறணை, மாவனல்லைப் பக்கத்து வியாபாரிகளுக்கு வாகனம் ஆடம்பரப் பொருள் அல்ல. கடைச் சரக்கைப் போல அதுவும் முதல்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தாலும், வரியும் டொலர் விலையும் சேர்ந்து புதிய வாகனத்தைப் பலருக்கு எட்டாக்கனி ஆக்கிவிட்டன. ஆகவே கையிலுள்ள பழைய ஜப்பான் வாகனத்தைக் காப்பாற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

உதிரிப்பாகக் கடை நடத்தும் நான் அடிக்கடி காண்பது ஒன்று. என்ஜின் ஒயிலைத் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட ஓட்டோ கியர் ஒயிலை மறந்துவிடுகிறார்கள். அந்த ஒயில் எங்கே போய்ச் சூடு ஆறுகிறது என்று கேட்டால் பலர் விழிக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டால் பெருஞ்செலவைத் தவிர்க்கலாம்.

சூடு எங்கிருந்து வருகிறது?

மெனுவல் வாகனத்தில் கிளட்ச் தட்டு என்ஜினையும் கியரையும் இறுக்கிப் பிடிக்கிறது. ஓட்டோ கியரில் அந்த வேலையைச் செய்வது டோர்க் கன்வேர்ட்டர். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றைப் போட்டால், அதன் காற்றில் மற்றதும் சுழலும் அல்லவா? இங்கே காற்றுக்குப் பதிலாக ஒயில். ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுழலும்போது, இடையில் வீணாகும் சக்தி சூடாக மாறி ஒயிலில் இறங்குகிறது.

சமதரையில் சீராக ஓடும்போது உள்ளே இருக்கும் லொக்-அப் கிளட்ச் இரண்டையும் பூட்டிவிடும், சூடும் குறையும். ஆனால் புறக்கோட்டையில் சரக்கு ஏற்றிய வேன், கடுகண்ணாவை ஏற்றத்தில் ஊர்ந்து செல்லும் லொறிக்குப் பின்னால் நின்று நின்று ஏறும்போது அந்தப் பூட்டு விழாது. 1820களில் கெப்டன் டோசன் இந்த ஏற்றத்தில் பாதை அமைத்தபோது அதில் ஏறியவை மாட்டு வண்டிகளும் குதிரைகளும்தான். அவற்றுக்கு மூச்சிரைத்தால் வெளியே தெரியும். கியர் பொக்ஸுக்கு மூச்சிரைப்பது நமக்குத் தெரிவதில்லை.

ஒரே கூலர், இரண்டு வேலை

ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள், சில வாகனங்களில் பக்கத் தொட்டிக்குள், ஒரு சிறிய கூலர் மறைந்திருக்கிறது. கியர் பொக்ஸிலிருந்து ஒரு குழாய் வழியாக வரும் ஒயில் அதற்குள் ஓடி, சுற்றியுள்ள கூலன்டுக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு, மறு குழாயால் திரும்புகிறது. ஒயிலுக்கு ஏற்ற சூடு ஏறக்குறைய 80 முதல் 90 பாகை செல்சியஸ். 120ஐத் தாண்டி நீண்ட நேரம் ஓடினால் ஒயில் கருகும், சீல்கள் இறுகும், கிளட்ச் தட்டுகள் வழுக்கும். அளவுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஒயிலின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது தொழிலில் சொல்லப்படும் கணக்கு.

அதற்காக ஒயில் குளிர்ந்தே இருப்பதும் நல்லதல்ல. ஜனவரி விடியற்காலையில் நுவரெலியாவில் வாகனத்தை ஸ்டார்ட் செய்தால் ஒயில் தடித்திருக்கும். கியர் மாறுவது தாமதமாகும். சூடேறும்வரை லொக்-அப்பையும் கணினி பூட்டாது; பெற்றோல் வீணாகும். கூலன்ட் ஒயிலை விட வேகமாகச் சூடேறுவதால், அப்போது அதே கூலர்தான் ஒயிலுக்குச் சூடு கொடுக்கிறது. பால் போத்தலைச் சுடுநீரில் வைத்தால் குளிர்ந்த பால் சூடேறும். கொதித்த பாலாக இருந்தால் அதே நீரில் ஆறும். கதை அதுதான். பிந்திய மொடல்கள் பலவற்றில் இதற்கென்றே தட்டுத் தட்டாக அடுக்கிய வோர்மர் ஒன்றைக் கியர் பொக்ஸிலேயே பொருத்தியிருக்கிறார்கள்.

எங்கே கெடுகிறது?

முதலாவது, கூலன்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீர் ஊற்றுவது. துரு பிடித்து உள்கூலர் ஓட்டையானால் தண்ணீரும் ஒயிலும் கலந்து, ரோஸ் நிறப் பால் போலாகிவிடும். கியர் பொக்ஸின் கிளட்ச் தட்டுகளில் ஒட்டியிருப்பது காகிதம் போன்ற பொருள். தண்ணீர் பட்டால் அது ஊறிக் கழன்றுவிடும். அந்த நிறத்தைக் கண்டால் வீடுவரை ஓட்டிப் பார்க்க வேண்டாம். வாகனத்தை ஏற்றிக்கொண்டு போங்கள்.

இரண்டாவது, உள்கூலர் கசியும்போது புது ரேடியேட்டர் போடாமல், இரண்டு ஒயில் குழாய்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுவது. செலவு சில நூறு ரூபாய்தான். வாகனம் டவுனுக்குள் ஓடும். ஏற்றத்தில் கியர் பொக்ஸ் வெந்துவிடும்.

மூன்றாவது, கையில் கிடைத்த ஒயிலை ஊற்றுவது. சி.வி.டி. கியருக்கு அதற்குரிய ஒயிலே வேண்டும். வாகனத்தின் கைநூலில் எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். கடைக்காரர் சொல்வதை அல்ல. கடைக்காரனாகவே இதைச் சொல்கிறேன்.

செய்ய வேண்டியவை

• சரியான கூலன்ட் கலவையை மட்டும் பயன்படுத்துங்கள். ரேடியேட்டர் மாற்றும்போது அதில் ஒயில் கூலர் இருக்கிறதா, குழாய் வாய்கள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

• நீண்ட ஏற்றத்தில் டீ-யிலேயே விடாமல் கியரைக் குறைத்து ஏறுங்கள். உச்சியில் நிறுத்தினால் என்ஜினை உடனே அணைக்காமல் சில நிமிடங்கள் ஓடவிடுங்கள். ஒயில் சுற்றி ஆறும்.

• பாரம் அடிக்கடி ஏற்றுவோர், முன்புறம் காற்றில் ஆறும் மேலதிகக் கூலர் ஒன்றைப் போடலாம். ரேடியேட்டர் கூலரைக் கழற்றிவிட்டு அல்ல. அதற்குப் பின்னால் தொடராக. மலைநாட்டுக் குளிரில் ஓடுவோர் தேர்மோஸ்டட் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

இறுதியாக ஒன்று. குழாயை ஒட்டவைத்த வாகனத்தை வாய் திறக்காமல் விற்றுவிடுவோர் நம்மிடையே இல்லாமலில்லை. வாங்கியவர் அடுத்த வாரமே ஏற்றத்தில் நிற்பார். பொருளின் குறையை மறைத்து விற்பது மார்க்கம் அனுமதிக்காத செயல். அந்தப் பணத்தில் பரக்கத் இருக்காது. விற்கிறவர் உள்ளதைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேளுங்கள். வாங்குகிறவர், என்ஜின் நன்றாக ஆறிய பின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து நிறத்தைப் பாருங்கள். கீழே குனிந்து அந்த இரண்டு குழாய்களும் எங்கே போகின்றன என்றும் பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான்.