வெந்நீர்க் கொதிகலனுக்கு எந்தப் பலகை?

சித்தூரில் எங்கள் வீட்டுக் குளியலறை கீசரை மறைத்துப் பெட்டி அடிக்க விரும்பினார்கள். திருப்பதியில் அறை எடுத்துத் தங்கும் உங்களுக்கும் பயன்படும் என்பதால், நான் விசாரித்து அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

குளியலறையில் பலகைக்கு முதற்பகை ஈரம். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஈரத்தில் ஊதி உதிரும். ஐ.எஸ். 710 தரமுள்ள பிளைவுட்டின் பசையோ, 72 மணி நேரம் நீரில் கொதிக்கவைத்துச் சோதிக்கப்படுவது. ஆயினும் அதுவும் மரமே, தீப்பற்றும். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீராதலால் அது தீயைத் தாமதப்படுத்தும். ஆனால் ஈரத்தில் இளகிவிடும். தீயையும் ஈரத்தையும் ஒருங்கே தாங்குவது, கல்நார் கலவாத சிமெண்டு நார்ப்பலகை.

மின்சார கீசருக்கு இப்பலகை ஏற்றது. வால்வைச் சோதிக்கக் கதவும், வெப்பம் வெளியேற இடைவெளியும் வேண்டும்.

காஸ் கீசருக்கோ எந்தப் பலகையும் ஆகாது. காற்றுக் குறைந்து எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொண்டு உயிரைக் குடிக்கும். ஆகவே காஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் பொருத்தச் சொல்லுங்கள். தச்சரை அழைக்குமுன் உங்கள் கீசர் எவ்வகை என்று பாருங்கள்.