பட்டன் அமுங்கியதா?

நம் சங்கத்தின் சந்தாக் கணக்கு, நான் எழுதிக் கொடுத்த ஒரு சிறு கம்ப்யூட்டர் புரோகிராமில் இருப்பது அங்கத்தினர்களுக்குத் தெரியும். மட்டாஞ்சேரி அறைக்கு வந்த கல்லூரிப் பிள்ளைகள் சிலர், "சார், பட்டன்களைப் பச்சையும் மஞ்சளுமாக எப்படி மாற்றினீர்கள்?" என்று கேட்டார்கள். அதையே கட்டுரையாக எழுதித் தரும்படி ஆசிரியரும் சொன்னார். எழுதுகிறேன். ஆனால் அந்தப் பச்சையும் மஞ்சளும் இப்போது இல்லை. ஏன் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கம்ப்யூட்டர் திரையில் நாம் அமுக்கும் பட்டன், எழுதும் கட்டம், தேர்ந்தெடுக்கும் பட்டியல் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் கன்ட்ரோல். இவற்றை விண்டோஸே வரைந்து கொடுத்துவிடுகிறது. புரோகிராம் எழுதுகிறவர் "இங்கே ஒரு பட்டன் வேண்டும்" என்று சொன்னால் போதும். அதன் உருவத்தை மாற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பட்டனிடமே சொல்வது: உன் பின்னணி நிறம் இது, எழுத்தின் நிறம் இது, எழுத்துரு இது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. மற்றொன்று, "நீ வரையாதே, நானே வரைகிறேன்" என்று பிரஷ்ஷை நம் கையில் வாங்கிக்கொள்வது. இதற்கு ஓனர் டிரா என்று பெயர்.

முதல் வழி ஒரு காலத்தில் பாதிதான் திறந்திருந்தது. 1998-ல் வந்த விஷுவல் பேசிக் 6-ல் சாதாரண கமாண்ட் பட்டனுக்கு எழுத்தின் நிறத்தை மாற்றும் வசதியே கிடையாது. பின்னணி நிறத்தை மாற்றவும், முதலில் அதன் ஸ்டைலை கிராஃபிகல் என்று வைக்க வேண்டும். தமிழ் இன்னொரு தொல்லை. அதன் கன்ட்ரோல்களுக்கு யூனிகோடு தெரியாது. ஆகவே யூனிகோடு தமிழைக் கொடுத்தால் வரிசையாகக் கேள்விக்குறிகள் நிற்கும். அதனால் அன்று தமிழில் புரோகிராம் எழுதியவர்கள் டிஸ்கி, அல்லது 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த டாப் முறை எழுத்துருவை ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனியே பூட்டுவார்கள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் பட்டன் மேல் ஏதோ மந்திரம் எழுதியதுபோல் இருக்கும். விண்டோஸ் 2000-ல் லதா எழுத்துருவோடு யூனிகோடு தமிழ் வந்தது. விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ இருக்கிறது. இன்றைய டாட் நெட்டில் நிறம், எழுத்துரு, ஓரக்கோடு எல்லாம் ஒற்றை வரியில் மாறும்.

எனக்கு அது போதவில்லை. வட்ட முனையும் கரும்பச்சைப் பின்னணியும் மஞ்சள் எழுத்தும் வேண்டும் என்று ஆசை. பட்டனுக்கு விண்டோஸ் "உன்னை வரைந்துகொள்" என்று செய்தி அனுப்பும்போது ஆன் பெயின்ட் என்ற பகுதி ஓடுகிறது. அதை நாமே எழுதிக்கொள்ளலாம். முதலில் நிறத்தைப் பூசு, பிறகு ஓரம் போடு, கடைசியில் நடுவில் எழுத்தை வை. முப்பது வரிகூட இல்லை. மிக அழகாக வந்தது என்றே நினைத்தேன்.

இங்கே தமிழுக்காக ஒரு குறிப்பு. தலைப்பில் எழுத்துகளைச் சற்று இடம் விட்டுப் போடலாம் என்று "கொச்சி" என்ற சொல்லை ஒவ்வொரு குறியாகப் பிரித்து வரைந்து பார்த்தேன். நமக்கு அது மூன்று எழுத்து. கம்ப்யூட்டருக்கு ஆறு குறி: க, ஒகரக்குறி, ச, புள்ளி, ச, இகரக்குறி. தனியாக விட்ட உயிர்க்குறிகள், நடுவில் புள்ளிகளாலான ஒரு வட்டத்தோடு அநாதையாக நின்றன. ககரத்துக்கு இருபுறமும் குறியைக் கொண்டுவந்து சேர்ப்பது எழுத்துருவும் விண்டோஸும் சேர்ந்து செய்யும் வேலை. சொல்லை முழுதாகக் கொடுத்தால்தான் அது நடக்கும். பட்டனின் உயரத்தை ஆங்கில எழுத்துக்குப் பார்த்து வைத்தால் மெய்யெழுத்தின் புள்ளி மேலே வெட்டுப்படும் என்பதையும் கவனியுங்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பொருளாளர் பல வருடம் மிளகு மண்டியில் கணக்கு எழுதியவர். ஒரு பைசா தவறாதவர். வருட சந்தா 300 ரூபாய். "ரசீது அச்சிடு" என்ற பட்டனை அமுக்கினால் கணக்கில் பதிவாகி பிரிண்டரில் தாள் வரும். சங்கத்துப் பிரிண்டர் பழையது, விழித்தெழவே நேரமாகும். அவர் அமுக்குவார். திரையில் ஒன்றும் நடக்காது. சரியாக அமுங்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடி அமுக்குவார். இரண்டு ரசீது, இரண்டு பதிவு. இப்படி ஏழு பேருக்கு நடந்திருக்கிறது. மாதக் கடைசியில் பெட்டியில் 2,100 ரூபாய் குறைந்தது. தாம்தான் எங்கோ பணத்தைத் தவறவிட்டோம் என்று எண்ணி, யாரிடமும் சொல்லாமல் தம் பென்ஷனிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டார்.

ஓர் அங்கத்தினர் வந்து, "சார், எனக்கு மட்டும் ஏன் ரெண்டு ரசீது?" என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டிலும் ஒரே தேதி, ஒரே மணி, ஒரே நிமிடம். எனக்கு முகம் செத்துவிட்டது.

விண்டோஸ் வரையும் பட்டனைக் கவனித்துப் பாருங்கள். மவுஸ் அம்பு மேலே வந்தால் நிறம் மாறும். அமுக்கினால் மாறும். பயன்படுத்தக்கூடாத நேரத்தில் மங்கும். டாப் விசையால் அங்கே வந்து நின்றால் சுற்றிலும் ஒரு கோடு தெரியும். என்டர் தட்டினால் இதுதான் வேலை செய்யும் என்பதற்குத் தடித்த ஓரம். பிரஷ்ஷை நான் வாங்கியபோது இவை அத்தனையையும் வரையும் பொறுப்பும் என்னிடம் வந்தது. நான் வரைந்ததோ ஒரே ஒரு நிலை. எப்போது பார்த்தாலும் அதே பச்சை.

ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்தவனுக்கு இது தோன்றாமல் போனதுதான் வெட்கம். ஸ்டேஷன் மாஸ்டரின் பேனலில் சிக்னல் பட்டன் சிவப்பு, பாயின்ட் பட்டன் நீலம். அழகுக்காக அல்ல, கை தவறாமல் இருக்க. சிக்னல் பட்டனையும் ரூட் பட்டனையும் சேர்த்து அமுக்கினால் பாதை அமைந்து, அந்த லைன் முழுதும் வெள்ளை விளக்கு எரியும். வண்டி ஏறினால் சிவப்பாகும். லைனில் வேலை நடந்தால் பட்டன் மேல் ஒரு காலர் மாட்டி வைப்பார்கள், மறந்து அமுக்கிவிடாதபடி. அமுக்கியவருக்குப் பதில் சொல்லாத பட்டனை எங்கள் பிரிவில் யாரும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.

திருத்தம் செய்ய உட்கார்ந்தபோது இன்னொரு பாடம். அமுக்கியவுடன் பட்டனை முடக்கி, அச்சடித்து முடிந்ததும் திறந்துவிடு என்று இரண்டு வரி சேர்த்தேன். அப்படியும் இரட்டை ரசீது வந்தது! புரோகிராம் அச்சு வேலையில் மூழ்கியிருக்கும்போது திரையை மறுபடி வரைய அதற்கு நேரமில்லை. அந்த நேரத்தில் விழுந்த அமுக்கல்கள் வரிசையில் காத்திருக்கின்றன. பட்டன் திறந்தவுடன் உள்ளே வந்துவிடுகின்றன. அச்சு வேலையைத் தனி இழையில் பின்னால் ஓடவிட்ட பிறகுதான், முடங்கிய பட்டன் மேல் விழுந்த அமுக்கல் அப்போதே வீணாயிற்று. அதோடு, ஓர் அங்கத்தினருக்கு ஒரு வருடத்தில் இரண்டாம் சந்தாவை ஏற்காதே என்று கணக்கிலேயே ஒரு தடை வைத்தேன். பேனலில் எந்த விளக்கு எரிந்தாலும், தவறான பாதையைத் தடுப்பது கீழே ரிலே அறையில் உள்ள இன்டர்லாக்கிங்தானே!

நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எழுத்தின் நிறத்தை மட்டும் கறுப்பு என்று நிர்ணயித்துப் பின்னணியை விண்டோஸிடம் விட்டால், கண்புரைக்காக ஹை கான்ட்ராஸ்ட் வைத்திருப்பவரின் திரையில் கறுப்பின் மேல் கறுப்பு விழும். வைத்தால் இரண்டையும் வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டையும் விடுங்கள். பின்னணிக்கும் எழுத்துக்கும் உள்ள ஒளி விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்று வெப்சைட்டுகளுக்கு ஒரு சர்வதேச விதி இருக்கிறது. நமக்கும் அது நல்ல அளவுகோல். சிவப்பு என்றால் தவறு, பச்சை என்றால் சரி என்று நிறத்தை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள். இஞ்சின் டிரைவருக்கு நிறம் தெரிகிறதா என்று இஷிஹாரா அட்டையை வைத்துப் பரிசோதிக்கிறார்கள். நம் காரியதரிசியை யாரும் பரிசோதித்ததில்லை. பக்கத்தில் "பதிவாயிற்று" என்று ஒரு சொல் போடுங்கள்.

இப்போது பட்டன்கள் விண்டோஸ் கொடுத்த சாம்பல் நிறத்திலேயே இருக்கின்றன. எழுத்தை மட்டும் 14 புள்ளிக்குப் பெரிதாக்கினேன். அமுக்கினால் "அச்சாகிறது, பொறுங்கள்" என்று மாறி மங்கிவிடும். 2,100 ரூபாயைப் பொருளாளர் திரும்ப வாங்க மறுத்தார். கமிட்டி வற்புறுத்திக் கொடுத்தது. பழைய பச்சைப் பட்டனின் கோப்பையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க விரும்பும் பிள்ளைகள் ஞாயிறு மாலை சங்க அறைக்குப் பென் டிரைவோடு வரலாம்.